பானட்டில் ஒரு ஓட்டை

அறுபத்திரண்டு வயது ஆள் முப்பது வயதுப் பெண்ணை "டீச்சர்" என்று கூப்பிட்டால் கணபதி ஏரியா ஒர்க்‌ஷாப்காரர்கள் சும்மா இருப்பார்களா? சிரித்தார்கள். சிரித்தால் சிரித்துவிட்டுப் போகட்டும் என்று விட்டார் சவரிமுத்து. கார்புரேட்டரைக் காதாலேயே சரி பண்ணுகிற மனுஷன்தான். ஆனால் கம்ப்யூட்டரே அளந்து பெட்ரோல் ஊற்றுகிற ஃப்யூயல் இன்ஜெக்‌ஷன் தெரியாது. ஷமீமாவுக்குத் தெரியும்.

கார் அவர் மகன் ஜெரோமுடையது. எட்டு சிலிண்டர், பழைய அமெரிக்க வண்டி. இன்ஜெக்‌ஷன் வைக்கப்போகிறேன் என்று, காற்று இறங்க பானட்டில் ஓட்டை போட்டான். "நல்ல பானட்டைக் கெடுத்துட்டியேடா பாவி" என்று ஆரம்பித்த சண்டையில் அவன் பெங்களூருக்கே போய்விட்டான். அன்றைக்கே அந்த ஓட்டையில் தகடு வைத்துப் பற்றவைத்தார் இவர். ஆறு வருஷம் ஆச்சு. வீட்டில் இரண்டாவது தட்டு கழுவியும் ஆறு வருஷம்.

இப்போது அவன் ஆசைப்பட்டபடியே இன்ஜெக்‌ஷன் வைத்தாயிற்று. அந்த வண்டியிலேயே போய் அவன் வாசலில் நிற்க வேண்டும். வேறு ஒன்றும் வேண்டாம் அவருக்கு.

பானட் திறந்திருந்தால் இன்ஜின் அருமையாக ஓடியது. மூடினால் திணறி நின்றது.

"பெட்ரோல் பத்தலையா டீச்சர்? மூணு நாளா லேப்டாப்புல கூட்டிக் கூட்டிப் பாக்குறேன்."

ஷமீமா பானட்டைத் திறந்து வண்டியை ஸ்டார்ட் பண்ணச் சொன்னாள். காற்று வடிகட்டியை ஓர் அட்டையால் பொத்தினாள். இன்ஜின் நின்றது.

"எவ்வளவு பெட்ரோல் ஊத்தணும்னு இது எதை வெச்சு முடிவு பண்ணுதுங்க அங்கிள்?"

"உள்ள வர்ற காத்தை வெச்சு."

"பானட்டை மூடினா வடிகட்டியைச் சுத்தி இருக்கிற ரப்பர் பானட்டோட ஒட்டிக்குது. அப்புறம் காத்து எந்த வழியா வரும்?"

சவரிமுத்து ஓட்டையை அடைத்த தகட்டைத் தடவினார். மேடும் பள்ளமுமான வெல்டிங். அவர் கைவேலை இவ்வளவு அசிங்கமாக வேறெங்கும் கிடையாது.

"வர்றேன்னு ஜெரோமுக்குப் போன் போட்டீங்களா?"

"நேராப் போயிர்றேன் டீச்சர். போன் போட்டா அவன் ஏதாச்சும் சொல்லிப்போடுவான். எனக்குத் தாங்காது."

ஷமீமா கட்டிங் மெஷினை எடுத்து அவர் கையில் கொடுத்தாள்.

அவர் அறுத்ததும் தகடு கழன்று விழுந்தது. வண்டியை ஸ்டார்ட் பண்ணிப் பானட்டை மூடினார். இன்ஜின் நிற்கவில்லை. மனுஷன் வாய்விட்டு அழுதுவிட்டார். பக்கத்து ஷெட்டில் எவனும் சிரிக்கவில்லை.

அப்புறம் போனை எடுத்தார். ஜெரோம் பேர் வந்தது. விரலை அதன்மேல் வைக்காமல் பானட் ஓட்டையையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"மழை பெஞ்சா உள்ள தண்ணி இறங்குமே டீச்சர்?"

தன் தோளில் கிடந்த பனியன் துணியை எடுத்து அவரிடம் நீட்டினாள் ஷமீமா.

"இறங்கும்ங்க. துடைச்சுக்கலாம்."