பில்ட் முந்தியா, கிளீன் முந்தியா?

மதுரையில் ஒரு மென்பொருள் கம்பெனியில் செண்பகவல்லி புதிதாகச் சேர்ந்திருந்தாள். வாடிக்கையாளருக்காக அவள் எழுதும் கையேட்டில் போட வேண்டிய கட்டளைகளை மேலாளர் சந்தானகோபாலன் எழுதித் தந்தார்: முதலில் மென்பொருளைக் கட்டி உருவாக்கும் பில்ட், பிறகு துடைத்துச் சுத்தம் செய்யும் கிளீன்.

"சார், பில்ட் உருவாக்கினதையெல்லாம் கிளீன் அழிச்சிடுமே?"

"வீடு கட்டின பிறகுதானே கூட்டுவாங்க? என் வரியில ஒண்ணையும் மாத்தக்கூடாது, வெட்டக்கூடாது. நாளைக்கு வாடிக்கையாளர் முன்னாடி ஓடலைன்னா உனக்கு வேலை இல்லை."

அன்று மாலையே அவள் கையேட்டை எழுதி முடித்தாள்.

மறுநாள் சந்தானகோபாலன் பக்கத்தில் இருக்க, வாடிக்கையாளர் கையேட்டைப் பார்த்தபடியே கட்டளைகளைத் தட்டினார். மென்பொருள் ஓடியது.

"பில்ட், கிளீன், மறுபடி பில்ட்னு போட்டிருக்கு. எதுக்கும்மா ரெண்டு தடவை?" என்றார் வாடிக்கையாளர்.

"முதல் பில்ட் எங்க சாருக்கு, ரெண்டாவது உங்களுக்கு," என்றாள் செண்பகவல்லி.

வாடிக்கையாளர் சிரித்துவிட்டார். சந்தானகோபாலன் பேனாவை எடுத்து, கையேட்டில் தாமே முதல் பில்ட் வரியை அடித்து நீக்கினார்.