கருப்பட்டியோட ப்ர்ர்ர் சத்தம்

அடேய், பழத்தோலை உரிக்கக்கூட பொறுமை இல்லாத வானரக் கூட்டமே! கொஞ்சம் வாலைச் சுருட்டி உக்காருங்க. இந்தக் கதை முடியுறதுக்குள்ள எவன் முதல்ல எந்திரிச்சு ஓடுவான்னு எனக்குத் தெரியும். ஆமாடா, உன்னைத்தான் சொல்றேன்!

அல்லிக்குளத்துக் காட்டுல கருப்பட்டின்னு ஒரு கரடி இருந்துச்சு. டிராம்போன் வாசிக்கும். நீளமா பித்தளைக் குழாய், அதை முன்னால தள்ளி, பின்னால இழுத்து ஊதணும். கருப்பட்டி ஊதினா குளத்துத் தண்ணியே ஒரு நிமிஷம் நின்னு கேக்கும்.

மார்கழியில அந்தக் காட்டுல பனின்னா பனி, சொந்த மூக்கே கண்ணுக்குத் தெரியாது. யானைங்க அக்கரைக்கு மேய்ச்சலுக்குப் போகணும்னா குளத்துக்கு நடுவுல போற ஒத்தை வரப்புலதான் நடக்கணும். ரெண்டு பக்கமும் சேறு. அதனால கருப்பட்டி அக்கரையில நின்னு, ஒரே ஒரு கீழ் சுரத்தை அறுபடாம நீளமா ஊதும். யானைங்க அந்தச் சத்தத்தைப் பிடிச்சுக்கிட்டே நேரா நடந்து வந்துரும். பனிக்காலம் முழுக்க அதுதான் அவங்களுக்கு வழி.

ஆனா கருப்பட்டி எடுத்த உடனே ஊதாது. விடியுறதுக்கு முன்னாடியே வந்துரும். குழாய்க்குள்ள 'ஹா... ஹா...'ன்னு மூச்சு விட்டு பித்தளையைச் சூடாக்கும். குழாயை மெதுவா இழுத்து, மெதுவா தள்ளும். அப்புறம் வாத்தியத்தைக் கீழ வச்சிட்டு, வெறும் உதட்டை மட்டும் சேத்து வச்சு 'ப்ர்ர்ர்ர்'னு அதிர விடும். கன்னம் ரெண்டும் குலுங்கும். எச்சில் தெறிக்கும். பாக்க அழகா இருக்காது, ஒத்துக்கிறேன்.

அந்த நேரத்துல அங்க ஜால்ரா தட்டுற சிலும்பன்னு ஒரு குரங்கு வரும்.

"என்னண்ணே, சூடு தெரியாம கூழைக் குடிச்சிட்டியா? உதடு இப்படி அடிச்சுக்குது!"

"உதடு சூடாகணும் தம்பி. இல்லன்னா சுரம் உடைஞ்சிரும்."

"என்னைப் பாரு! வந்தேன், தட்டினேன், கிளம்பிட்டேன்! உன் ஒரு சத்தத்துக்கு இத்தனை ஆட்டமா?"

மரத்துமேல இருந்த கிளி, குருவி எல்லாம் விழுந்து விழுந்து சிரிக்கும். கருப்பட்டி தலையைக் குனிஞ்சுக்கும். ஆனா நிறுத்தாது.

ஒரு நாள், கருப்பட்டி 'ப்ர்ர்ர்'னு சொன்னதும், இக்கரையில பனிக்குள்ள இருந்து இன்னொரு 'ப்ர்ர்ர்' வந்துச்சு. உருண்டைன்னு ஒரு யானைக்குட்டி, தும்பிக்கையால அப்படியே செஞ்சுது.

சிலும்பன் தரையில உருண்டான். "கேட்டியா அண்ணே! நேத்து பொறந்த குட்டிகூட உன்னைக் கிண்டல் பண்ணுது!"

அதுதான் கருப்பட்டிக்குச் சுருக்குன்னு தைச்சிடுச்சு. பெரியவங்க சிரிச்சா தாங்கிக்கலாம். தான் ஊதி வழி காட்டுற குட்டியே சிரிச்சா?

மறுநாள் கருப்பட்டி லேட்டா வந்துச்சு. மூச்சு விடல. உதட்டை அதிர விடல. யானைங்க வரப்புல ஏறுனதும் வாத்தியத்தை எடுத்து நேரா ஊதுச்சு.

பித்தளை ஐஸ் மாதிரி இருந்துச்சு. உதடு மரக்கட்டை. சத்தம் 'பூ...'ன்னு ஆரம்பிச்சு 'க்ரீச்'னு உடைஞ்சுது. மறுபடி ஊதுச்சு. மறுபடி உடைஞ்சுது.

வரப்புல யானைங்க தடுமாறுச்சுங்க. 'தொபக்!'னு ஒரு சத்தம்.

"உருண்டை! எங்கடா இருக்க?" அம்மா யானை அலறுச்சு.

பதில் இல்ல. சேத்துல வயிறு வரைக்கும் புதைஞ்ச குட்டிக்கு பயத்துல குரலே எழும்பல. பனியில எந்தப் பக்கம் விழுந்தான்னும் தெரியல. கண்ணை மூடிக்கிட்டு சேத்துல இறங்கினா அம்மாவும் சேந்துதான் புதையும்.

"சத்தமா ஊதுண்ணே! மூச்சைப் பிடிச்சு ஊது!" சிலும்பன் குதிச்சான். இப்போ அவன் சிரிக்கல.

"முடியலடா! உதடு கேக்க மாட்டேங்குது!"

கருப்பட்டி வாத்தியத்தைக் கீழ வச்சுது. எல்லாரும் கேட்டுக்கிட்டு இருந்தாங்க. பரவால்லன்னு கண்ணை மூடிக்கிச்சு.

'ப்ர்ர்ர்ர்ர்!'

ஒருத்தரும் சிரிக்கல.

'ப்ர்ர்ர்ர்ர்!'

அப்போ பனிக்குள்ள, வரப்புக்கு இடது பக்கமா, ரொம்ப சின்னதா ஒரு சத்தம். 'ப்ர்ர்...'

"அங்க இருக்கான்!" அம்மா தும்பிக்கையை நீட்டுச்சு. "நிறுத்தாதீங்க கரடியண்ணே! இன்னும் பண்ணுங்க!"

கருப்பட்டி 'ப்ர்ர்ர்'ங்கும். குட்டி 'ப்ர்ர்'ங்கும். அந்தச் சத்தத்தைத் தடவித் தடவியே அம்மா குட்டியோட காதைப் பிடிச்சுது, அப்புறம் கழுத்தை வளைச்சு ஒரே இழுவையா வரப்புல ஏத்திடுச்சு. அதுக்குள்ள கருப்பட்டிக்கு உதடு நல்லா சூடாயிருந்துச்சு. டிராம்போனை எடுத்து ஊதுச்சு பாருங்க, பனியைக் கிழிச்சுக்கிட்டு ஒரே நீட்டு! மொத்தக் கூட்டமும் அந்தச் சத்தம் பிடிச்சு அக்கரை சேந்துடுச்சு.

சேறும் சகதியுமா உருண்டை ஓடி வந்து கரடியோட காலைக் கட்டிக்கிச்சு.

"ஏன் மாமா இன்னைக்குக் காலையில 'ப்ர்ர்' சொல்லல? நான் காத்துக்கிட்டே இருந்தேன்!"

"நீதானே என்னைக் கிண்டல் பண்ணின?"

"கிண்டலா? உங்ககூட சேந்து வாசிச்சேன் மாமா!"

கருப்பட்டி குட்டியோட முதுகுல இருந்த சேத்தை வழிச்சு விட்டுக்கிட்டே இருந்துச்சு.

அதனால கேட்டுக்கங்க: நீங்க தினமும் பழகுற ஒரு விஷயத்தைப் பாத்து ஊரே சிரிச்சாலும் அதை விட்றாதீங்க, அவசரத்துல வந்து நிக்கப்போறது அந்தப் பழக்கம் ஒண்ணுதான்.

குட்டி கிண்டல் பண்ணுதுன்னு கரடிகிட்ட போட்டுக் கொடுத்த சிலும்பன் நான்தான், இன்னும் பழகாமத்தான் போய் ஜால்ரா தட்டுறேன்.