மாடத்தி கவிழ்த்த ஆட்டுரல்

ஒரு ஊர்ல ஒரு கோவக்காரி. பேரு மாடத்தி. ம் போடு. போடலைன்னா நிறுத்திருவேன்.

அவ மக முத்தரசி டெங்குல கெடந்து அன்னைக்குத்தான் ஆஸ்பத்திரியில இருந்து வீடு திரும்புனா. “இன்னொரு தடவ வந்தா பொல்லாதும்மா”ன்னு டாக்டர் சொல்லியனுப்பிட்டாரு. மாடத்தி பிள்ளையக் கட்டில்ல படுக்க வச்சு கொசுவலையக் கட்டுனா. காதுகிட்ட ங்ஙொய்ய்ய்! வந்துச்சு கோவம். சேலையத் தூக்கிச் சொருகிட்டுத் தெருவுல எறங்கிட்டா.

மொதல்ல சைக்கிள் கடை ஜெபராஜ். கடைக்குப் பின்னால பழைய டயரு மலை. உள்ள மழத்தண்ணி, அதுல புழு நெளுநெளுன்னு நெளியுது.

“ஏல, டயரு விக்கிறியா, கொசு விக்கிறியா?”

ஒவ்வொண்ணா சாய்ச்சுக் கொட்டுனா. சளார், சளார். “கடைக்குள்ள அடுக்கி வையில.” ஜெபராஜ் டயர உள்ள உருட்டுனான்.

அப்புறம் கோமதி வீடு. வாசல்ல மூடாத டிரம்மு. அதுலயும் புழு.

“பத்து நாளைக்கு ஒருக்கா வர்ற தண்ணி, யக்கா. கொட்டுனா நடக்கிறதே வேற!”

“கொட்டல ஏட்டி. வடிகட்டு. டிரம்மத் தேச்சுக் கழுவு. ஒன் வீட்டுக்காரன் வேட்டியப் போட்டு இறுக்கிக் கட்டு.”

கோமதி மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிட்டே கட்டுனா.

தூங்கிட்டியா? ம். முழிச்சுத்தான் இருக்க, அப்போ கேளு.

ஒரு வாரம் போச்சு. பட்டப்பகல்ல வலையச் சுத்தி இன்னும் ங்ஙொய்ய்ய்! மாடத்தி வீட்டு முத்தத்துல நின்னு, ஒரு காலத் தூக்கிக் கல்லு மேல வச்சுக்கிட்டுக் கத்துனா.

“எவ வீட்டுல வளக்கிறீங்க? சொல்லுங்க!”

ஜெபராஜ் சைக்கிள நிறுத்துனான். “யக்கா, ஒரு சந்தேகம். நீ கால் வச்சிருக்கது என்னது?”

குனிஞ்சு பாத்தா. அவ அம்மா சீரா குடுத்த ஆட்டுரல். மிக்சி வந்ததுல இருந்து சும்மா கெடக்கு. குழி நெறைய மழத்தண்ணி. சாக்கடையா இருந்தா மூக்கு சொல்லியிருக்கும். இது கண்ணாடி மாதிரி நல்ல தண்ணி. அதுல நூறு புழு.

“வேட்டி வேணுமாக்கா?”ன்னு கோமதி சிரிச்சா. தெருவே சிரிச்சுது.

மாடத்திக்கு மொகம் செவந்துட்டு. இப்போ கோவம் அவ மேலயே. கடப்பாரையக் கொண்டாந்தா. ஒரு நெம்பு. அசையல. ரெண்டாவது நெம்பு. ம்ஹும்.

“பல்லக் காட்டுனது போதும். பிடிங்க!”

மூணாவது நெம்புக்கு எல்லாரும் கை போட்டாங்க.

தொம்!

குழி மண்ணப் பாத்துக் கவுந்துச்சு. மாடத்தி அதுமேலயே ஏறி உக்காந்தா.

“இனி ஞாயித்துக்கெழமதோறும் பாப்பேன். மொதல்ல என் வீடு. அப்புறம் ஒங்க வீடு.”

ஒருத்தரும் சிரிக்கல. முத்தரசிக்கு அப்புறம் காய்ச்சலும் வரல.

அவ்வளவுதான் கதை. வெளிய நீட்டுன கால வலைக்குள்ள இழு. கண்ண மூடு.