அசன அரிசிக்குக் காவல்

உப்பளத்து ஊர் ஒன்றில் நாற்பது வீடு. நாற்பதும் வேதக்காரர், அதாவது கிறிஸ்தவர், வீடு. உலை வைக்கும்போதெல்லாம் பெண்கள் ஒரு கைப்பிடி அரிசியை ஆண்டவருக்கென்று தனிப்பானையில் போடுவார்கள். அது மூட்டை மூட்டையாகக் கோயிலுக்குப் பின்னால் உள்ள அறையில் சேரும். தை மாதம் சபைப் போதகரான ஐயர் ஜெபித்த பிறகு, ஊர் கூடி அசனம் என்னும் பொது விருந்து சாப்பிடும். அதற்கு முன் அதில் ஒரு மணியைத் தொட்டாலும் பாவம்.

கார்த்திகையில் ஐயர் பட்டணத்துக்குப் புறப்பட்டார். புறப்படும் முன் பிரசங்கத்தில் ஓர் உவமை சொன்னார். எஜமான் வெளியூர் போகிறான். வீட்டாருக்கு வேளாவேளைக்குச் சோறு போடும்படி ஓர் ஊழியக்காரனை வைத்துவிட்டுப் போகிறான். அப்படிச் செய்கிறவன் உண்மையுள்ளவன். எஜமான் வர நாளாகும் என்று எண்ணி, உடன் வேலைக்காரரை அடித்து, வெறியரோடு குடிக்கிறவன் பொல்லாதவன். இதைச் சொல்லி முடித்து, அறைச் சாவியை வேதக்கண் கையில் கொடுத்தார். தாம் வரும்வரை திறப்பதில்லை என்று பீடத்தின் முன் சத்தியமும் வாங்கிக்கொண்டார்.

முன்வரிசையில் உட்காருகிற வேதக்கண்ணுக்கு நெஞ்சு நிமிர்ந்தது. உவமையில் வரும் நல்லவன் தானே என்று நினைத்துக்கொண்டான்.

மறுநாள் பிடித்த மழை விடவில்லை. ஓடைப் பாலம் உடைந்தது. அளத்தில் வேலை நின்றது. அன்றாடம் கூலி வாங்கி அரிசி வாங்குகிற சனம், முருங்கைக்கீரையை அவித்துத் தின்றது. உப்புக்கு மட்டும் பஞ்சமில்லை.

இரண்டாம் நாள் அறைக்குள் தண்ணீர் கசிந்தது. வேதக்கண் கோயில் கூட்டும் விதவை பாக்கியத்தைத் துணைக்குக் கூப்பிட்டுக் கதவைத் திறந்தான். இருவருமாக ஏழு மூட்டையையும் பெஞ்சுகளின் மேல் ஏற்றினார்கள். பாக்கியமும் பட்டினிதான். கையில் ஒட்டிய அரிசியை மூட்டைக்குள்ளேயே தட்டிவிட்டு வெளியே வந்தாள். திறந்ததை யாரிடமும் சொல்ல வேண்டாம் என்றான் வேதக்கண். அவள் சரி என்றாள்.

அரிசி கேட்டு வந்தவர்களிடம் சத்தியத்தைச் சொன்னான். ஆண்டவர் அரிசியாயிற்றே என்று அவர்களும் திரும்பினார்கள். அவன் வீட்டிலும் அடுப்பு எரியவில்லை.

மூன்றாம் நாள் தவசிமுத்து வந்தான். ஏழு வருஷத்துக்கு முன் வேதக்கண் மகளுக்குக் காக்காவலிப்பு என்று மாப்பிள்ளை வீட்டில் போய்ச் சொன்னவன் அவன். நிச்சயப் புடவை திரும்பி வந்தது. அந்தப் பெண் இன்றும் வீட்டில் இருக்கிறாள்.

"எனக்கு வேண்டாம் அண்ணாச்சி. எம் மக கிருபைக்குப் பால் வத்திப் போச்சு. பிள்ள அழக்கூடச் சத்தில்லாமக் கெடக்கு. அரைப்படி கொடும்."

"ஐயர் வரட்டும். நான் ஆண்டவர் சந்நிதியில சத்தியம் பண்ணினவன்" என்றான் வேதக்கண். வாய் ஆண்டவரைச் சொன்னது. கண்ணுக்குள் அந்தப் புடவைதான் நின்றது.

நான்காம் நாள் விடிந்தபோது பிள்ளை செத்திருந்தது. தவசிமுத்து அதைத் துணியில் சுற்றி எடுத்துவந்து, கோயில் வாசலில் வேதக்கண் முன்னால் நீட்டினான்.

"இதையும் உள்ள வச்சுப் பூட்டும் வே."

பிள்ளையைப் பாக்கியத்தின் கையில் கொடுத்துவிட்டுக் கடப்பாரையை எடுத்தான். மறித்த வேதக்கண்ணுக்குத் தோளெலும்பு முறிந்தது. பூட்டும் தெறித்தது. தவசிமுத்து ஒரு மூட்டையைத் தன் வீட்டுக்குத் தூக்கிப் போனான். அதில் இரண்டு படியைக் கள்ளச்சாராயம் காய்ச்சுகிறவனிடம் கொடுத்து, அவன் கூட்டாளிகளோடு பொழுது சாயும்வரை குடித்தான்.

பாக்கியம் பிள்ளையைத் தாயிடம் சேர்த்துவிட்டு வந்தாள். அசனத்து அண்டாவை ஏற்றினாள். ஜெபிக்க ஐயர் இல்லாததால் தானே ஜெபித்தாள். ஊருக்கெல்லாம் கஞ்சி ஊற்றினாள். வேதக்கண்ணுக்கும் ஒரு கும்பா போயிற்று. அவன் தொடவில்லை.

மழை ஓய்ந்து ஓடை வடிந்த ஆறாம் நாள் ஐயர் வந்தார். வேதக்கண் முன்பே அறையைத் திறந்ததை அறியாத அவர், வேதக்கண்ணைச் சபை நடுவே நிறுத்தி, அடிபட்டும் வாக்குக் காத்தவன் என்று மெச்சினார். தவசிமுத்துவின் பெயரைச் சபைப் புத்தகத்திலிருந்து அடித்துவிடவும், ஜெபம் சொல்லத் துணிந்த பாக்கியத்தைக் கோயில் வேலையிலிருந்து நிறுத்தவும் பேனாவைத் திறந்தார். பாக்கியம் வேதக்கண்ணைப் பார்த்தாள். அவன் தரையைப் பார்த்தான்.

கேட்டவர்களே, ஐயர் சொன்ன உவமையை வைத்தே நீங்கள் தீர்ப்புச் சொல்லுங்கள். இம்மூவரில் உண்மையுள்ள ஊழியக்காரர் யார்? பொல்லாத ஊழியக்காரர் யார்?

விடை: அடித்ததும் குடித்ததும் தவசிமுத்து என்பதால் பலரும் அவனைக் காட்டுவார்கள். அந்தப் பாவத்துக்கு அவன் தனியாகப் பதில் சொல்லட்டும். ஆனால் அவனை ஒருவரும் அரிசிக்குப் பொறுப்பாக வைக்கவில்லை. வைக்கப்பட்டவன் வேதக்கண். உவமையில் எஜமான் ஊழியக்காரனை வைத்தது வேளைக்குச் சோறு போட, பூட்டைக் காக்க அல்ல. சத்தியம் தடுத்தது என்றால் கடைசிவரை தடுத்திருக்க வேண்டும். அரிசி நனைகிறது என்றதும் சத்தியம் வழிவிட்டது. பிள்ளை சாகிறது என்றதும் மறித்து நின்றது. ஆகவே பூட்டியிருந்தது சத்தியம் அல்ல, பகை. பொல்லாதவன் அவனே. அப்படியானால் உண்மையுள்ளவள் பாக்கியமா? "கதவு திறந்தப்ப நானும் உள்ள நின்னேன் ஐயா, வாய் திறக்கல" என்று அவளே சபையில் சொல்லிவிட்டு இறங்கிப் போனாள். அவள் சோறு போட்டது மெய். இரண்டு நாள் பிந்திப் போட்டாள். அந்த மழையில் உண்மையுள்ளவர் என்று சொல்ல அந்த ஊரில் ஒருவரும் இல்லை.