ஒரே எண் கேட்ட இணை இயக்குநர்

தனக்கு ஒரு விஷயம் தெரியாது என்று சுகாதாரத் துறை இணை இயக்குநர் தாயுமானவர் சொல்லி யாரும் கேட்டதில்லை. மாவட்டத்தின் சராசரி ரத்த அழுத்தத்தைக் கலெக்டர் முன்னால் அறிவிக்கும் பாக்கியமும் அவருக்கே வாய்த்தது. கணக்கெடுத்தவள் ஒப்பந்த ஊழியர் ஜெசிந்தா. குலுக்கல் முறையில் நூற்று நாற்பது பேரை அளந்து, "சராசரி 125க்கும் 131க்கும் நடுவுல இருக்கும் சார். நூத்துக்குத் தொண்ணூத்தஞ்சு நம்பிக்கை" என்றாள்.

"இதென்ன கிளி ஜோசியமா? பன்னிரண்டு லட்சம் பேருக்கும் சேர்த்து ஒரே எண், துல்லியமா சொல்லும்மா. முடியலைன்னா நாளையிலேருந்து வர வேண்டாம்" என்றார் அவர், கலெக்டர் காதில் விழும்படி.

"சொல்லிடலாம் சார். அதுக்கு எல்லாரையும் அளக்கணும். உங்ககிட்டேயே ஆரம்பிக்கிறேன்" என்று அவர் கையில் பிரஷர் பட்டையைச் சுற்றினாள் ஜெசிந்தா. 152 காட்டியது.

"மாடி ஏறி வந்தேன்ல, மறுபடி பாரும்மா."

இந்த முறை 144. காபி குடித்ததால்தான் என்றார். மூன்றாம் முறை 139.

"எதை சார் எழுதட்டும்? ஒரே எண்தான் வேணும்."

"அது எப்படி ஒரே எண்ணா இருக்கும்? 139லேருந்து 152க்குள்ளன்னு எழுதிக்கோ" என்று எரிந்து விழுந்தார்.

"உங்க ஒரு கைக்கே பதிமூணு எண் இடைவெளி விடறீங்க. மாவட்டத்துக்கே நான் ஆறுதான் சார் கேட்டேன்."

கலெக்டர் சிரிப்பை அடக்கத் தண்ணீர் குடித்தார். அறிக்கை 125 முதல் 131 வரை என்றே போனது. இணை இயக்குநருக்கு ரத்த அழுத்தம் இருப்பதில் மட்டும் யாருக்கும் சந்தேகம் இல்லாததால், அன்றே மாத்திரை எழுதிக் கொடுத்தார்கள்.