எட்டுக் குப்பி மருந்து

முழுவதும் கேட்டபிறகு தீர்ப்புச் சொல்லுங்கள், அவசரம் வேண்டாம்.

தாமிரபரணிக் கரையில் ஒரு பெரிய மருத்துவமனை. அங்கே கிருமி ஆய்வகத்தை நடத்தியவர் எஸ்தர் நவமணி. நோயாளியின் ரத்தத்திலுள்ள கிருமியை வளர்த்து, அது எந்த மருந்துக்குச் சாகும் என்று சொல்வது அவர் வேலை. ஓர் ஐப்பசியில், எந்த மருந்துக்கும் அசையாத கிருமி ஒன்று முளைத்தது. கடைசியாகப் பார்த்த ஒரே மருந்துக்கு மட்டும் செத்தது.

அந்தக் கிருமி இருந்தது இருதயராஜின் ரத்தத்தில். அதே மருத்துவமனையின் துப்புரவுப் பணியாளர், வயது ஐம்பத்திரண்டு. நாளுக்கு இரண்டு குப்பியாக ஏழு நாள் மருந்து ஏற வேண்டும். மூன்றாம் நாள் காய்ச்சல் விட்டது. ஆனால் அன்று எடுத்த ரத்தத்திலும் கொஞ்சம் கிருமி முளைத்தது. அது முன்னைவிட இரண்டு மடங்கு மருந்தைத் தாங்கியது. முழு அளவுக்கு மட்டும் இன்னும் பணிந்தது.

அன்றைக்கே, பிரசவ வார்டில் கிடந்த செண்பகவல்லியின் ரத்தத்திலும் அதே கிருமி தெரிந்தது. அவள் பிள்ளை பெற்று ஆறு நாள்தான் ஆகியிருந்தது. கையிருப்பு எட்டுக் குப்பி. அக்கம்பக்கத்து மருத்துவமனைகளில் கேட்டாயிற்று; எங்கும் இல்லை. புதிய மருந்து வர நான்கு நாள் ஆகும் என்றார்கள்.

வார்டு மருத்துவர் கோமதிநாயகம், ஆளுக்கு நான்காகப் பிரித்து, நாளுக்கு ஒரு குப்பி கொடுப்போம் என்றார். ஒருத்தி சாவதைச் சும்மா பார்த்துக்கொண்டிருக்கத் தன்னால் முடியாது என்றார்.

செய்தி இருதயராஜுக்கு எட்டியது. எஸ்தரை வரச்சொன்னார்.

"எனக்குக் காய்ச்சல் விட்டுட்டும்மா. என் பிள்ளைகள்லாம் வளந்தாச்சு. மிச்சத்த அந்தப் பொண்ணுக்கே குடுத்துருங்க."

எஸ்தரின் கையெழுத்து இல்லாமல் அந்த மருந்து வெளியே போகாது. இருவர் சொன்னதையும் அவர் மறுத்தார். எட்டுக் குப்பியும் இருதயராஜுக்கே என்று எழுதினார்.

செண்பகவல்லியின் கணவன் சுடலைமுத்து ஆய்வக வாசலில் வந்து நின்றான். கைக்குழந்தை அவன் தோளில் தூங்கியது.

"ஒரே ஒரு ஊசியாவது போடுங்கம்மா."

"ஒரு ஊசி அவளைக் காப்பாத்தாது தம்பி," என்றார் எஸ்தர். சொல்லிவிட்டு ஆய்வகத்துக்குள் போனார்.

அதிலிருந்து மூன்றாம் நாள் மதியம் செண்பகவல்லி இறந்தாள். மறுநாள் மருந்து வந்தது. பிழைத்து வீட்டுக்குப் போன இருதயராஜ், எஸ்தரிடம் சொல்லிக்கொள்ளாமலே போனார்.

பிரிக்கச் சொன்ன கோமதிநாயகம், விட்டுக்கொடுத்த இருதயராஜ், இருவரையும் மறுத்த எஸ்தர். இந்த மூவரில் யார் செய்தது சரி?

விடை: எஸ்தர். அரை மருந்து இருவரையும் காப்பாற்றாது. இரண்டு உடம்பிலும் கிருமியைப் பழக்கிவிடும். இருதயராஜ் தன் உயிரைத் தரலாம். ஆனால் பாதியில் நிறுத்தினால், அவர் உடம்பில் மிஞ்சும் கிருமி அந்தக் கடைசி மருந்துக்கும் சாகாததாகி, தொட்ட கைகளோடு அடுத்த கட்டிலுக்குப் போகும். அங்கே படுத்திருப்பவரின் உயிரை விட்டுக்கொடுக்க அவருக்கு உரிமை இல்லை. செண்பகவல்லிக்கு முழு மருந்து கிடைத்திருந்தால் பிழைத்திருக்கக்கூடும். அது எஸ்தருக்கும் தெரியும். சரியானதைத்தான் செய்தார். சுடலைமுத்துவிடம் அதைச் சொல்ல மட்டும் அவரால் கடைசிவரை முடியவில்லை.