தாகம் என்று சொன்ன கனவு

முன்னொரு காலத்தில் பூவத்தூர்ச் சீமையைச் சிம்மவல்லபன் என்ற ராஜா ஆண்டுவந்தார். நல்ல மனுஷன்தான், ஆனால் கனவுப் பைத்தியம். கனவில் வந்து சிரித்தான் என்பதற்காகச் சமையல்காரனைத் தளபதியாக்கிய புண்ணியவான்!

மழை பொய்த்த ஒரு வருஷம், காலையில் சபைக்கு ஓடிவந்தார் ராஜா.

"என் கனவில் குன்றுக் குமரன் வந்தான்! 'எனக்குத் தாகமாக இருக்கிறது' என்றான். என்ன பொருள்?"

மந்திரி திருமேனியார் வாய் திறப்பதற்குள், அவரைக் கண்டாலே ஆகாத சபைப் பிரதானி புஜங்கராயர் முந்திக்கொண்டார். "ஆகமத்திலேயே இருக்கிறது, மகாராஜா. ஆயிரத்தெட்டுக் குடம் அபிஷேகம்! கீழக்கரை மதகை அடைத்து ஏரித் தண்ணீரைக் குன்றுப் பக்கம் திருப்பிவிட வேண்டும்."

குன்றடியில் இருந்த பாக்குத்தோப்பு யாருடையது என்கிறீர்கள்? சாட்சாத் புஜங்கராயருடையதுதான். கீழக்கரை ஜனங்களுக்கோ அந்த மதகை விட்டால் குடிக்கச் சொட்டுத் தண்ணீர் கிடையாது. ஆனாலும் அன்றே மதகை அடைத்துவிட்டார்கள். சாமி கேட்டதை மறுத்துப் பேசினால் தலை போய்விடுமே!

மந்திரி மறுக்கவில்லை. "சாமி தங்களிடம்தானே கேட்டார்? முதல் குடத்தைத் தாங்களே சுமக்க வேண்டும். சாமிக்குத் தாகம் தீரும்வரை, சுமப்பவரும் பலன் சொன்னவரும் பச்சைத்தண்ணீர்கூடக் குடிக்கக்கூடாது. காவடி எடுக்கும் குடியானவனே விரதம் இருக்கிறானே!"

"இருந்துவிட்டால் போச்சு!" என்றார் ராஜா. புஜங்கராயருக்கு முகம் சுருங்கிவிட்டது.

வெள்ளிக்கிழமை, பங்குனி வெயில். கிரீடம் இல்லாமல், வெறுங்காலோடு, தோளில் குடத்துடன் ராஜா நடந்தார். நாக்கு அண்ணத்தில் ஒட்டிக்கொண்டது.

"மந்திரியாரே, ஒரே ஒரு வாய்..." என்று கெஞ்சினார் புஜங்கராயர்.

"சாமிக்கு முன்னாலேயா? அபசாரம்!"

குன்றின் முதல் படியில் நிறைமாதக் கர்ப்பிணி ஒருத்தி உதடு வெடித்து உட்கார்ந்திருந்தாள். சேவகர்கள் அவளை விரட்டினார்கள்.

"வெரட்டாதீங்க சாமி. கீழக்கரையில தண்ணி நின்னுபோச்சு. நேத்து கனவுல ஒரு சின்னப்புள்ள வந்துச்சு. ஒத்தக் கால்ல மட்டும் சலங்கை. 'குன்றடியில போய் இரு, உனக்குத் தண்ணி வருது'ன்னுச்சு. அதான் வந்தேன்."

ராஜாவின் தோளில் குடம் ஆடியது. "ஒற்றைக்கால் சலங்கை... நான் கண்டதும் அதேதான்! யாரிடமும் சொல்லவில்லையே! மந்திரி, இவளை நீர்தான் கூட்டிவந்தீரா?"

மந்திரிக்கு உடம்பெல்லாம் சிலிர்த்திருந்தது. "இல்லை மகாராஜா. தாகம் என்றால் என்னவென்று தங்களுக்குத் தெரியட்டும் என்றுதான் விரதத்தை நானாகச் சொன்னேன். அது என் தந்திரம். ஆனால் இவளை நான் பார்த்ததே இல்லை. கொடுக்கிறவர் கனவில் வரும் சாமி, வாங்குகிறவர் கனவிலும் போய்ச் சொல்லும் என்று புராணத்தில் படித்திருக்கிறேன். கண்ணால் பார்ப்பேன் என்று நினைக்கவில்லை." குன்றை நோக்கிக் கைகூப்பினார்.

ராஜா தோளிலிருந்து குடத்தை இறக்கினார். "ஐயோ, அபிஷேக நீர் எச்சிலாகிவிடும்!" என்று பதறினார் புஜங்கராயர்.

ராஜா மண்டியிட்டு அவள் கையில் தண்ணீரைச் சாய்த்தார். குடம் காலியாகும்வரை குடித்தாள் அவள். ஊற்றியது யாரென்று தெரியாமலே, "நல்லா இருப்பா" என்றாள்.

"புஜங்கராயரே, உமது கையாலேயே மதகைத் திறந்துவிட்டு வாரும். குன்றடியில் இருப்பது உமது பாக்குத்தோப்புதானே? இனி அது கீழக்கரைக்காரர்களுக்கு!" என்றார் ராஜா. தம் முத்துமாலையைக் கழற்றி மந்திரியின் கழுத்தில் போட்டார். கைகூப்பிக் குன்றையே பார்த்து நின்ற மந்திரி அதைக் கவனிக்கவே இல்லை.

ஒரு சேவகன் தயங்கித் தயங்கிக் கேட்டான். "மகாராஜா, குடம் காலியாகிவிட்டதே. சாமிக்கு?"

ராஜா அந்தப் படியிலேயே உட்கார்ந்துவிட்டார். கண்ணீர் பொலபொலவென்று கொட்டியது.

"சாமி குடித்தாயிற்றடா" என்றார்.